மூட்டை விழுந்த காலுக்கு அட்டைப்பெட்டித் தப்பை

லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது பலகையில் கால் வழுக்குவதும், அடுக்கு சரிந்து மூட்டை பாதத்தில் விழுவதும் நமது கிட்டங்கிகளில் புதிதல்ல. விழுந்தவுடன் நாம் செய்வது என்ன? எண்ணெய் போட்டு நீவி விடுகிறோம். "சுளுக்குத்தான், எழுந்து நட" என்கிறோம். எலும்பு முறிந்திருந்தால் இரண்டும் கெடுதல். முறிந்த முனை அசைந்து இரத்தக் குழாயையும் நரம்பையும் கிழித்துவிடக்கூடும். ஆகவே ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை கால் அசையாதிருக்க வேண்டும். அதற்குரிய சாமான்கள் நம் கடையிலேயே இருக்கின்றன.

பிஸ்கட், சோப்பு வரும் கெட்டியான அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொள்ளவும். உள்வரிகள் நீளவாக்கில் ஓடும்படி வெட்டினால்தான் அட்டை வளையாது. கணுக்காலிலோ பாதத்திலோ அடியென்றால் முழங்காலுக்குச் சற்றுக் கீழேயிருந்து உள்ளங்கால் வரை நீளம் போதும். முன்னங்கால் எலும்பில் அடியென்றால் தொடை வரை வேண்டும். அடிபட்ட இடத்துக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் இரண்டும் அடங்க வேண்டும் என்பதே கணக்கு. அட்டையை வாய்க்கால் போல மடித்து, உள்ளே துண்டை விரித்து, காலை மெதுவாக வைக்கவும். வளைந்திருந்தால் வளைந்தபடியே இருக்கட்டும். இழுத்து நேராக்கக் கூடாது. எலும்பு வெளியே தெரிந்தால் சுத்தமான துணியால் மூடுவதோடு சரி. உள்ளே தள்ளவே கூடாது. மெட்டி, கொலுசு, கறுப்புக் கயிறு ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றிவிட வேண்டும்.

இனிக் கட்டுவது. சணலும் பிளாஸ்டிக் கயிறும் தோலை அறுக்கும். பழைய வேட்டியை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, அடிபட்ட இடத்தை விட்டு, அதற்கு மேலும் கீழும் கட்டவும். பார்சல் கட்டிப் பழகிய நம் கடைப் பையன்கள் இழுத்து முடிச்சுப் போட்டுவிடுவார்கள். ஆபத்து அதில்தான் இருக்கிறது. வீக்கம் ஏற ஏறக் கட்டு தானாகவே இறுகும்; இரத்த ஓட்டம் நின்றால் காலையே எடுக்கும்படி ஆகிவிடும். ஆகவே விரல்கள் வெளியே தெரிய வேண்டும். கால்மணிக்கு ஒருமுறை பெருவிரல் நகத்தை அழுத்தி விடவும். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். விரல் சில்லிட்டாலோ, மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ உடனே தளர்த்தவும்.

சுளுக்கா, முறிவா? கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட விதி இங்கே உதவும். கணுக்காலிலோ நடுப்பாதத்திலோ வலி இருந்து, அடிபட்டவர் நாலு அடி கூட எடுத்து வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே அவசியம். கணுக்கால் முண்டுகளின் பின்னோரத்தில் அழுத்தினால் வலித்தாலும் அப்படியே. ஆனால் இதைச் சோதிக்கவென்று வலியில் துடிப்பவரை நடக்க வைத்துவிடாதீர்கள்.

நாளெல்லாம் கல்லாவில் நின்று, காலையில் முதல் அடி வைக்கும்போது குத்தும் குதிகால் வலி வேறு சங்கதி. அதற்கு அட்டை வேண்டாம். மெத்தென்ற செருப்பும், கெண்டைக்காலை நீட்டி இழுக்கும் பயிற்சியும் போதும். குறையாவிட்டால் டாக்டரைப் பார்க்கவும்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போன அன்பர்களுக்குக் கட்டு இறுகுவது தெரியாது. அவர்களுக்குக் கட்டினால் கூடவே ஒருவர் உட்கார்ந்து விரலைப் பார்த்துக்கொண்டே ஆஸ்பத்திரி வரை போக வேண்டும்.