திறமூல மென்பொருள் மாநாடுகளில் சுவரொட்டி வழங்கல்

சுவரொட்டி வழங்கல் என்பது, மாநாடு ஒன்றில் ஒருவர் தம் பணியை ஒரே பெரிய தாளில் எழுத்தாலும் படத்தாலும் விளக்கி, அதன் அருகே நின்று வருவோருடன் உரையாடும் முறையாகும். பல சுவரொட்டிகள் ஒரே நேரத்தில் காட்சிக்கு வைக்கப்படும் நிகழ்வு சுவரொட்டி அமர்வு எனப்படுகின்றது. அறிவியல் மாநாடுகளில் தோன்றிய இம்முறையைத் திறமூல மென்பொருள் உருவாக்குநர்களின் மாநாடுகள் சிலவும் பின்னர் ஏற்றுக்கொண்டன. மேடை கிடைக்காத சிறு திட்டங்களும் புதிய நிரலாளர்களும் பயனர்களையும் பங்களிப்பாளர்களையும் நேரில் அடைய இது வழி செய்கின்றது.

வரலாறு

ஐரோப்பிய உயிர்வேதியியல் கழகங்களின் கூட்டமைப்பு 1969ஆம் ஆண்டு மாட்ரிட் நகரில் நடத்திய கூட்டம் சுவரொட்டி அமர்வின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 1974இல் மினியாப்பொலிசில் நடந்த உயிர்வேதியியல் மாநாட்டில் இம்முறை கையாளப்பட்டது. உரையாற்ற விரும்பியோர் மிகுந்து, அரங்குகளும் நேரமும் போதாமற் போனதே இதற்குக் காரணமாகும்.

அறிவியலும் நிரலாக்கமும் சந்திக்கும் துறைகளின் வழியாக இம்முறை திறமூல உலகிற்குள் நுழைந்தது. 2000ஆம் ஆண்டு தொடங்கிய உயிர்தகவலியல் திறமூல மாநாடு, 2004இல் வியன்னாவில் தொடங்கிய ஆர் மொழிப் பயனர் மாநாடு ஆகியவற்றில் சுவரொட்டிகளுக்கு இடமுண்டு. பைத்தான் நிரல்மொழியின் அமெரிக்க மாநாடான பைக்கான், 2010ஆம் ஆண்டு அட்லான்டா நகரில் முதன்முறையாகச் சுவரொட்டி அமர்வை நடத்தியது.

உரை, விரைவுரை, காட்சிமேசை ஆகியவற்றிலிருந்து வேறுபாடு

மேடை உரையில் ஒருவர் பேச நூற்றுக்கணக்கானோர் கேட்பர். கேள்விகளுக்குச் சில நிமிடங்களே எஞ்சும். ஏறத்தாழ ஐந்து நிமிடம் நீடிக்கும் விரைவுரையில் பெரும்பாலும் கேள்விக்கே இடமில்லை. சுவரொட்டி அமர்விலோ பேச்சின் பெரும்பகுதி கேள்விகளாலேயே ஆனது. அதே மென்பொருளைக் குறித்துப் பயனர் ஒருவருக்கு ஒரு வகையாகவும், அதன் உள்ளமைப்பை அறிந்த நிரலாளர் ஒருவருக்கு வேறு வகையாகவும் விளக்க முடிகின்றது.

பிரசல்சு நகரில் நடைபெறும் ஃபொஸ்டெம் போன்ற மாநாடுகளில் திட்டங்களுக்குக் காட்சிமேசைகள் ஒதுக்கப்படுகின்றன. காட்சிமேசைக்குப் பலர் மாறிமாறி நிற்க வேண்டும். எனவே அது நிலைபெற்ற குழுக்களுக்கே எளிது. சுவரொட்டிக்கு ஒரு தாளும் ஓர் ஆளும் போதும்.

உள்ளடக்கம்

அறிவியற் சுவரொட்டி முடிந்த ஆய்வொன்றின் முடிவைக் கூறுகின்றது. திறமூலச் சுவரொட்டி முடியாத பணி ஒன்றிற்கு அழைப்பு விடுக்கின்றது. அதனால் பின்வருவன அதில் இடம்பெறுதல் நன்று:

- மென்பொருள் தீர்க்கும் சிக்கல், ஓரிரு எளிய வாக்கியங்களில்
- செயற்படும் முறையைக் காட்டும் ஒரு வரைபடம்
- சில வரிகளுக்கு மிகாத நிரல் எடுத்துக்காட்டு
- நிறுவும் முறையும் நிரல் களஞ்சியத்தின் முகவரியும்
- உரிமத்தின் பெயர்
- தற்போதைய குறைபாடுகளும் தேவைப்படும் உதவியும்

இவற்றுள் கடைசியானதே பெரும்பாலும் விடுபடுகின்றது. குறைகளை மறைத்த சுவரொட்டியைப் பார்ப்பவர் பாராட்டிவிட்டுச் செல்வார்; ஆவணமாக்கம், மொழிபெயர்ப்பு, சோதனை என உதவி தேவைப்படும் இடங்களைச் சுட்டினால் அவர் பங்களிப்பாளராகும் வாய்ப்பு உண்டு. புதியவர் தீர்க்கத்தக்க வழுக்களை முன்கூட்டியே களஞ்சியத்தில் குறித்து வைப்பதும் பயனளிக்கும்.

வடிவமைப்பும் அச்சும்

ஏ0 தாளின் அளவு 841 × 1189 மில்லிமீட்டர். ஏ1 அதிற் பாதி. மாநாட்டிற்கு மாநாடு பலகையின் அளவு வேறுபடுவதால் அதை முதலில் அறிதல் வேண்டும். தலைப்பு சில மீட்டர் தொலைவிலிருந்தும், உட்பகுதி ஒரு மீட்டர் தொலைவிலிருந்தும் படிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

திரைப்பிடிப்புகளை அப்படியே பெரிதாக்குவது பரவலான தவறாகும். 1920 படவணு அகலமுள்ள திரைப்பிடிப்பை ஏ1 தாளின் 594 மில்லிமீட்டர் அகலத்திற்கு விரித்தால் அங்குலத்திற்கு ஏறத்தாழ 82 படவணுக்களே கிடைக்கும். அருகிலிருந்து பார்ப்போருக்கு எழுத்துகள் மங்கித் தெரியும். வரைபடங்களைத் திசையன் வடிவில் வரைந்தால் இச்சிக்கல் எழாது. இங்க்ஸ்கேப், ஸ்கிரைபசு, லிப்ரெஓபிஸ், லாடெக் ஆகிய திறமூலக் கருவிகள் இப்பணிக்குப் பயன்படுகின்றன. எழுத்துருக்களைக் கோப்பினுள் பொதிந்து அனுப்பாவிடில் அச்சகத்தில் எழுத்துகள் மாறக்கூடும்.

2019ஆம் ஆண்டு, அமெரிக்க உளவியல் ஆய்வு மாணவரான மைக் மோரிசன் ஒரு புதிய அமைப்பை முன்மொழிந்தார். இதில் முதன்மைக் கருத்து ஒன்று மட்டும் நடுவில் பெரிய எழுத்தில் அமையும்; விவரங்கள் ஓரங்களில் சுருங்கும்; முழு ஆவணத்திற்குக் கியூஆர் குறியீடு வழிகாட்டும். நடந்துகொண்டே படிப்போருக்கு இது உதவுகின்றது. எனினும் ஆசிரியர் அருகில் இல்லாதபோது தகவல் போதாது என்பது இதன் மீதான குறை.

உரிமம்

மென்பொருளின் உரிமம் சுவரொட்டிக்குத் தானாகப் பொருந்துவதில்லை. பிறர் மொழிபெயர்க்கவும் மீளப் பயன்படுத்தவும் வேண்டுமெனில் கிரியேட்டிவ் காமன்சு போன்ற உரிமத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். சின்னங்களுக்கும் தனி விதிகள் உண்டு. பைத்தான் சின்னம் பைத்தான் மென்பொருள் அறக்கட்டளையின் வணிகக்குறி ஆகும்; நிரல் கட்டற்றது என்பதால் சின்னத்தை விரும்பியவாறு மாற்ற இயலாது. மாநாட்டிற்குப் பின் சுவரொட்டியை 2013இல் தொடங்கப்பட்ட செனோடோ போன்ற களஞ்சியத்தில் சேமித்தால், மேற்கோள் காட்டுவதற்கான நிலையான அடையாள எண் கிடைக்கும்.

குறைபாடுகள்

சுவரொட்டி மேடை உரையைவிடத் தாழ்ந்தது என்னும் எண்ணம் சிலரிடம் உண்டு. இரைச்சல் மிகுந்த கூடத்தில் நெடுநேரம் நிற்பது பலருக்குக் கடினம். பார்வைக் குறைபாடு உள்ளோர்க்குத் தாள் மட்டும் பயன்படாது, படிக்கத்தக்க மின்வடிவமும் தேவை. பயணச் செலவும் நுழைவிசைவும் தடையாவோர்க்கு இவ்வாய்ப்பே கிட்டுவதில்லை. 2020இல் பிட்சுபர்க் நகரில் நடக்கவிருந்த பைக்கான், கோவிட் தொற்றினால் இணையவழிக்கு மாறியது. இணையவழிக் காட்சி இத்தடைகளைக் குறைத்தாலும், பலகைகளுக்கிடையே நடந்து செல்கையில் தேடாத ஒன்றைக் கண்டு நிற்கும் வாய்ப்பு அதில் குறைவு.