வீடு திரும்பிய இருதய நோயாளிக்குக் குறுஞ்செய்தி வழித் துணை

கரிசல் பூமியில் மானாவாரி வேளாண்மை செய்வோர், விதைத்ததோடு வேலை முடிந்தது என்று வீட்டில் இருந்துவிடுவதில்லை. பருத்தியும் கம்பும் உளுந்தும் விதைத்த பின்னர், களை பறிப்பதும் பூச்சி பார்ப்பதும் காவல் காப்பதுமாக அறுவடை வரையில் நிலத்தின்மீது கண் வைத்திருக்கிறார்கள். ஆனால் மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று ஒருவர் வீடு திரும்பினால் மட்டும், ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதுமே ஆபத்து நீங்கிற்று என்று நாம் கருதிவிடுகிறோம். உண்மையில் அன்று முதல்தான் அவரைக் காக்கும் பொறுப்பு வீட்டாருடையதும் ஊராருடையதும் ஆகிறது.

மாத்திரையை ஏன் நிறுத்தலாகாது?

கோவில்பட்டி, எட்டயபுரம், கயத்தாறு, விளாத்திகுளம் வட்டாரங்களில் மாரடைப்பு கண்டவர்கள் உயர்ந்த சிகிச்சைக்காகத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ செல்ல நேரிடுகிறது. அங்கே பலருக்கு, அடைபட்ட இரத்தக் குழாயைத் திறந்து, அது மீண்டும் சுருங்காதிருக்க ‘ஸ்டென்ட்’ என்னும் சிறு வலைக்குழல் வைக்கப்படுகிறது. அந்த உலோக வலையின்மீது குழாயின் உட்சவ்வு படர்ந்து மூடுவதற்குப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரையில் இரத்தம் அதன்மேல் உறைந்து குழாயை மறுபடியும் அடைத்துவிடக்கூடும். அதைத் தடுக்கவே ஆஸ்பிரின், குளோபிடோகிரல் முதலிய மாத்திரைகள் கொடுக்கப்படுகின்றன. இத்தகைய இரண்டு மருந்துகளைப் பொதுவாக ஓராண்டுக் காலமும், அதன்பின் ஒன்றை நெடுங்காலமும், டாக்டர் சொற்படி உட்கொள்ள வேண்டியிருக்கும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் இவற்றோடு சேரும்.

நோயாளியோ, நெஞ்சுவலி நின்ற ஒரு மாதத்திலேயே பூரண குணமடைந்ததாக எண்ணுகிறார். உழவு நாள் நெருங்குகிறது; மாத்திரை தீர்ந்தால், வாங்கி வர ஒரு நாள் கூலி போகுமே என்று தயங்குகிறார். வலி இல்லாதிருப்பது மாத்திரையின் பலனே என்பதை அவருக்கு அடிக்கடி நினைவூட்ட யாரேனும் வேண்டும். இந்த வேலையில் கைப்பேசிக் குறுஞ்செய்தி எவ்வளவு தூரம் உதவும் என்பதைப் பல இடங்களில் சோதித்திருக்கிறார்கள்.

சோதனைகள் காட்டியது என்ன?

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் டாக்டர் கிளாரா சவ் குழுவினர் 710 இருதய நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு வாரம் 4 குறுஞ்செய்திகள் வீதம் 6 மாதங்கள் அனுப்பினர். உணவு, நடைப்பயிற்சி, புகையை விடுதல், மருந்து ஆகியவை பற்றிய சிறு சிறு வாசகங்கள் அவை. 6 மாத முடிவில், செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 43 பேர் புகைபிடிப்பவராக இருக்க, பெற்றவர்களில் அது 26 ஆக இருந்தது. இரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும்கூடப் பெற்றவர்களிடம் குறைவாகக் காணப்பட்டன.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவு வரும் நிலையில் இருந்த 537 ஆண்களை இரண்டாண்டுகள் கவனித்தனர். குறுஞ்செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கும், பெற்றவர்களில் 18 பேருக்கும் நீரிழிவு ஏற்பட்டதென்று 2013-இல் அறிவித்தனர். நீரிழிவு இருதய நோய்க்கு வழிகாட்டும் வியாதி என்பதை நாம் மறக்கலாகாது.

செய்தி மட்டும் போதாது

எனினும் குறுஞ்செய்தியைச் சர்வரோக நிவாரணி என்று எண்ணிவிடக் கூடாது. பக்கவாதம் கண்ட 4,298 பேருக்கு இந்தியாவின் 31 மருத்துவ மையங்களில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. 12 மொழிகளில் செய்திகளும் படக்காட்சிகளும் கைந்நூலும் அளித்தும், பக்கவாதமோ மாரடைப்போ மீண்டும் வருவது ஓராண்டில் குறையவில்லை.

மனிதர் நேரில் சென்றால் பயன் கூடும் என்பதற்கு வேறொரு சான்று இருக்கிறது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் நிறுவனத்தார் முன்னின்று, 14 ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை பெற்ற 806 இருதய நோயாளிகளிடம் செய்த ஆராய்ச்சி 2016-இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் சந்தித்துப் பேசியவர்களில், ஓராண்டின் முடிவில் நூற்றுக்கு 97 பேர் மருந்தை ஒழுங்காக உட்கொண்டனர். மற்றவர்களில் 92 பேர். புகையை விட்டவர்களும் முதற்பிரிவில் மிகுதி. ஆகவே செய்தியும் வேண்டும், செய்தியை வாழ்க்கையாக்கும் மனிதரும் வேண்டும் என்பதே நாம் அறியவேண்டிய பாடம்.

கிராமத்தில் செய்யக்கூடியவை

நம் ஊர்களில் கைப்பேசி மகனிடம் இருக்கும். நோயாளி தகப்பனாராக இருப்பார். எழுத்து வாசிக்கத் தெரியாத முதியோரும் பலர். எனவே செய்தியை உரக்கப் படித்துக் காட்ட ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரை, பள்ளிக்குச் செல்லும் பேரப் பிள்ளையையாவது, நியமித்துக்கொள்வது நலம். வாசகமும் சுருக்கமாக இருக்கவேண்டும்: ‘இன்று மாத்திரை சாப்பிட்டீர்களா? இன்னும் எத்தனை நாளைக்கு இருப்பு உள்ளது?’ என்ற அளவில் போதும். பீடி, புகையிலை, ஊறுகாய், கருவாடு ஆகியவற்றைப் பற்றிய எச்சரிக்கையை வாரம் ஒருமுறை சேர்க்கலாம்.

மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்தியில் சொல்லலாகாது. அது டாக்டரின் பொறுப்பு. நோயாளியின் சம்மதமின்றி அவர் பெயரைப் பட்டியலிடுவதும் முறையன்று.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள், இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தர வழி ஏற்பட்டது. 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம், மாரடைப்புக்கான முதல் மருந்துகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்க வகை செய்தது. இவற்றைக் கிராம சபையில் எடுத்துச் சொல்வது பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கடமை. நெஞ்சில் அழுத்தம், இடது கையில் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை கண்டால், குறுஞ்செய்திக்குக் காத்திராமல் உடனே 108-ஐ அழைக்கவேண்டும் என்பதையும் அனைவரும் அறிந்திருத்தல் அவசியம்.

விதைத்த நிலத்தை நாள்தோறும் சென்று பார்ப்பது நம் வழக்கம். அந்தச் சிரத்தையில் ஒரு பங்கையேனும், நோயிலிருந்து மீண்டு வந்த அண்டை வீட்டுக்காரர்மீது செலுத்துவோமாக.