‘அப்ரூவ்டு’ என்று வந்தால் போதுமா?

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இருந்தபடியே எதையாவது விற்றுப் பார்க்கலாமே என்ற எண்ணம் உங்களுக்கும் வந்திருக்கலாம். நல்ல எண்ணம்தான். ஆனால் கடை திறக்கும் முன் ‘சார்ஜ்பேக்’ என்ற சொல்லைத் தெரிந்து கொள்ளுங்கள். எனக்கு அதன் பொருள் புரிவதற்கு முப்பத்தைந்தாயிரம் ரூபாய் செலவானது.

பத்தமடைப் பாய்களை என் வெப்சைட்டில் விற்று வருகிறேன். ஒருநாள் இரவு அமெரிக்காவிலிருந்து நான்கு பட்டுப் பாய்களுக்கு ஆர்டர் வந்தது. கிரெடிட் கார்டில் பணம் கட்டியிருந்தார்கள். திரையில் ‘அப்ரூவ்டு’ என்று பச்சை நிறத்தில் காட்டியது. மறுநாள் காலை, “கூரியர் செலவு எவ்வளவானாலும் பரவாயில்லை, உடனே அனுப்புங்கள்” என்று ஒரு மெயில். பேரம் பேசாமல் பாய் வாங்குகிற ஆளை நம் ஊரில் பார்த்திருக்கிறோமா? எனக்குச் சந்தேகம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. நெய்தவர்களுக்குப் பணம் கொடுத்துப் பாய்களை வாங்கி அனுப்பிவிட்டேன்.

ஐம்பது நாள் கழித்து, எனக்குப் பணம் வசூலித்துத் தரும் நிறுவனத்திடமிருந்து மெயில் வந்தது. இந்தச் செலவைத் தான் செய்யவே இல்லை என்று கார்டுக்கு உரியவர் தன் வங்கியில் புகார் செய்திருக்கிறாராம். முழுத்தொகையையும் என் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். போதாததற்குத் தனிக் கட்டணம் வேறு.

இங்கேதான் நான் தவறாகப் புரிந்து கொண்டிருந்தேன். ‘அப்ரூவ்டு’ என்றால் அந்த கார்டு செல்லுபடியாகும், அதில் அந்தத் தொகைக்கு இடம் இருக்கிறது என்பது மட்டுமே. கீபோர்டில் எண்ணைத் தட்டியவர் கார்டுக்குச் சொந்தக்காரர்தானா என்பதை அது சொல்வதில்லை. சொந்தக்காரர் புகார் கொடுத்தால் அவருடைய வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு வழியாக நம் பக்கத்து வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும். அது கடைசியில் வந்து நிற்கும் இடம் விற்றவரின் கணக்கு. இதற்குப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு.

கூரியர் கொடுத்த கையெழுத்துச் சான்றை அனுப்பி வாதாடினேன். பலிக்கவில்லை. பாய்கள் ஒரு முகவரிக்குப் போய்ச் சேர்ந்தன என்பதற்குத்தான் அது சாட்சி. கார்டுக்காரர் வாங்கினார் என்பதற்கு அல்ல. பிறகு அந்த முகவரியை மேப்பில் தேடிப் பார்த்தேன். அது வீடே இல்லை. பார்சல்களை வாங்கி வேறு நாடுகளுக்கு அனுப்பி வைக்கும் ஒரு கிடங்கு. ஆர்டர் விவரத்தைத் திறந்தால் இன்னொன்றும் தெரிந்தது. முதல் இரண்டு கார்டுகள் தோல்வி, மூன்றாவதுதான் ஏற்கப்பட்டிருந்தது. முன்பே பார்த்ததுதான், இணைப்புக் கோளாறு என்று விட்டுவிட்டேன்!

அந்தக் கார்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய எண்ணையும் யாரோ திருடியிருக்கிறார்கள். கார்டு பில்லில் தவறு இருந்தால் எதிர்த்துக் கேட்கும் உரிமையை அமெரிக்கா 1974-லேயே சட்டமாக்கிவிட்டது. நாளை என் கார்டை எவனாவது பயன்படுத்தினால் நானும் அதைத்தானே செய்வேன்?

நம் நாட்டு கார்டுகளில் இந்தத் தொல்லை குறைவு. கார்டு எண் மட்டும் போதாது, கூடுதலாக ஒரு சரிபார்ப்பும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதல் ஆன்லைன் செலவுகளுக்குக் கட்டாயமாக்கியது. மொபைலுக்கு வரும் ஓடிபி அப்படிப்பட்டதுதான். வெளிநாட்டு வங்கிகள் தரும் கார்டுகளை இந்த விதி கட்டுப்படுத்தாது. எனவே, பணம் வசூலித்துத் தரும் நிறுவனத்திடம் ‘3டி செக்யூர்’ வசதியை வெளிநாட்டு கார்டுகளுக்கும் இயக்கச் சொல்லுங்கள். கார்டுக்காரரை அவருடைய வங்கியே சரிபார்த்துவிட்டால், பிறகு ‘நான் வாங்கவில்லை’ என்ற புகார் வந்தாலும் நஷ்டம் பொதுவாக அந்த வங்கியைச் சேரும். ‘பொருள் வரவில்லை’, ‘உடைந்து வந்தது’ என்ற புகார்களுக்கு இது உதவாது. அவற்றுக்குக் கூரியர் ரசீதும், பேக்கிங் செய்யும்போது எடுத்த போட்டோக்களும்தான் துணை.

புகார் மெயிலில் பதில் தரவேண்டிய கடைசி நாள் இருக்கும். அதைத் தவறவிட்டால் நம் பக்கம் நியாயம் இருந்தாலும் தோல்விதான். ஆகவே ஸ்பாம் போல்டரையும் அவ்வப்போது திறந்து பாருங்கள்.

இப்போதெல்லாம் பெரிய ஆர்டர் என்றால் ஒருநாள் நிறுத்தி வைக்கிறேன். போனில் பேசுகிறேன். சந்தேகம் தீராவிட்டால், எந்த கார்டில் பணம் வந்ததோ அதற்கே திருப்பி அனுப்பிவிடுகிறேன். “வேறு கணக்கில் போடுங்கள்” என்று கேட்டால் ஒப்புக்கொள்வதில்லை. சென்ற மாதம் இப்படித்தான் ஆறு பாய்களுக்கான பணத்தைத் திருப்பினேன். மனசு அடித்துக் கொண்டது. நல்ல வாடிக்கையாளரை விரட்டிவிட்டோமோ என்று. ஒரு மணி நேரத்தில் அதே முகவரிக்கு அதே ஆறு பாய்கள், வேறொருவர் பெயரிலுள்ள கார்டில் ஆர்டர் வந்தது.