பட்டினி போட்டால் பூக்கும் காகிதப்பூ! தெரியுமா?

சோமனூரில் தறிச்சத்தம் கேட்கும் வீதிகளில் காம்பவுண்டுச் சுவரேறிக் குதிக்கிறதே காகிதப்பூ, அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா, தெரியுமுங்களா? 1767-ல் ரியோ டி ஜெனீரோவில் இதைக் குறித்து வைத்தவர் பிரெஞ்சு தாவரவியலாளர் கொமர்சோன். செடிக்குக் கிடைத்ததோ அவர் வந்த கடற்பயணத்தின் தலைவர் பூகேன்வில்லின் பெயர் (போகன்வில்லா)! கொமர்சோனின் உதவியாளாக ஆண் வேடத்தில் கப்பலேறிய ழான் பாரேதான், உலகைச் சுற்றி வந்த முதல் பெண்!

காகிதப்பூவின் அந்த ரோஸ் நிறம் பூவே இல்லை, நிறம் மாறிய இலை. உள்ளே சின்னக் குழாயாக வெள்ளையாய் நிற்பதுதான் பூ!

உரத்துக்கு வருவோம். யூரியாவை அள்ளிப் போட்டால் என்ன ஆகும்? காடு மாதிரி தழைக்கும்; பூ ஏமாற்றும். பூக்கச் சாம்பல் சத்தும் வேண்டும். அதற்கு நாம் வாங்கும் பொட்டாஷ் கிட்டத்தட்ட முழுக்க இறக்குமதி. அதை விற்கும் கனடாவில் எங்கே தோண்டுகிறார்கள் தெரியுமா? தரைக்கடியில் சுமார் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடலின் உப்புப் படிவில்! இந்தப் பொட்டாஷ் பெரிய தொட்டிக்கு அரை டீஸ்பூன் போதும்.

வாங்குவானேன், அடுப்புச் சாம்பல் இருக்கே என்கிறீர்களா? நில்லுங்க! நம் பக்கம் பல இடங்களில் சுக்கான் மண். அதில் ஏற்கெனவே சுண்ணாம்பு அதிகம், சாம்பலும் காரம். காரம் ஏறினால், மண்ணில் இரும்பு கிடந்தும் வேர் உறிஞ்ச முடியாது. நரம்பு பச்சையாக இருக்க, இளம் இலை மட்டும் மஞ்சளாகும். அப்படி மஞ்சளானால், லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையில் தெளியுங்கள். ஊட்டியில் நீலமாய்ப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவும் சுண்ணாம்பு மண்ணில் ரோஸாகிவிடும்! புளிப்பு மண்ணில்தான் அதற்கு அலுமினியம் கிடைக்கும், நீலமும் வரும். (நம்ம ஊர் வெயிலுக்கு அது தாங்காது, ஆசைப்படாதீங்க.)

எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம், காகிதப்பூவுக்கு உரத்தைவிடத் தாகம் பிடிக்கும்! நெடுஞ்சாலை நடுவே வெயிலில் காயும் செடி கொத்துக் கொத்தாய்ப் பூக்க, தினம் தண்ணீர் குடிக்கும் வீட்டுச்செடி வெறும் இலையோடு நிற்பது இதனால்தான். பூத்து முடிந்ததும் கவாத்துப் பண்ணி, தொட்டிக்கு ஒரு கை மண்புழு உரம் போடுங்கள். புதுத் துளிர் நன்றாக ஓடிய பிறகு தண்ணீரை நிறுத்துங்கள். இலை லேசாகத் தொங்கட்டும், அப்போது ஊற்றினால் போதும். மாசி, பங்குனி வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.