பீங்கான் தூசியும் உடலின் பொறுமையும்

விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலில் எழும் சிலிக்கா தூசி நுரையீரலை மட்டும் கெடுப்பதில்லை. உடல் தன்னையே தாக்காதிருக்கும் பொறுமையையும் குலைக்கக்கூடும்.

1973-இல் ரால்ஃப் ஸ்டெய்ன்மன், சான்வில் கோன் ஆகியோர் விவரித்த டென்ட்ரிடிக் செல்கள் அப்பொறுமையின் காவலர்கள். அவை சொந்தத் திசுவின் கூறுகளை அமைதியாகக் காட்டினால், டி-செல்கள் அடங்குகின்றன. அல்லது பிறவற்றை அடக்குவனவாக மாறுகின்றன. அபாயக் குறிப்போடு காட்டினாலோ தாக்கப் புறப்படுகின்றன.

கரையாத சிலிக்காவை விழுங்கிச் சிதையும் செல்கள் அக்குறிப்பை ஓயாமல் எழுப்புகின்றன. சிலிக்கா தூசியில் உழைப்போரிடம் முடக்குவாதம், லூபஸ் போன்றவை கூடுதலாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

தூசியைக் கட்டுப்படுத்தும் செலவைத் தவிர்த்தால், கோப்பையின் விலையில் சேராத அத்தொகையைத் தொழிலாளியின் உடல் செலுத்துகிறது. ஈரமுறையும் தூசி உறிஞ்சியும் கட்டாயமாக வேண்டும். மூட்டுவலியோடு வருபவரிடம் அவர் செய்யும் வேலையையும் மருத்துவர் கேட்டறிய வேண்டும்.