அடைத்த அறையும் அடுத்தவர் மூச்சும்

புகைபிடிப்பது அவரவர் சொந்த விருப்பம் என்று வாதிப்போர் உண்டு. அடைத்த இடத்திலே அந்த வாதம் செல்லாது. அங்கே ஒருவர் விடும் புகையை அருகிலிருப்பவர் விரும்பாவிடினும் உள்வாங்கியே தீரவேண்டும். மூச்சை நிறுத்திக்கொண்டு எவரும் வாழ இயலாதன்றோ?

இவ்வுண்மையை நாடறிய எடுத்துரைத்த பெருமை நாம் குடியேறி வாழும் கேரளத்துக்கு உண்டு. 1999 ஜூலை 12-ஆம் நாள், பொது இடத்தில் புகைபிடித்தல் பொதுத் தொல்லையாகும் என்றும், அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமைக்கு மாறானது என்றும் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனைத் தடுத்து உத்தரவிடுமாறு மாவட்ட ஆட்சியர்களையும் பணித்தது. அமர்விலிருந்த இருவருள் ஒருவர் தேவகோட்டையிற் பிறந்த தமிழர், நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன், மற்றவர் நீதிபதி கே. நாராயண குருப்பு. அயர்லாந்து தன் பணியிடங்கள் அனைத்திலும் புகையைத் தடுத்ததோ 2004-ஆம் ஆண்டிலேதான்.

2001 நவம்பர் 2-ஆம் நாள் உச்சநீதிமன்றமும் நாடு முழுமைக்கும் இத்தகைய தடையை விதித்தது. 2003-இல் மத்தியச் சட்டம் பிறந்தது. 2008 அக்டோபர் 2 முதல் விரிவான விதிகள் நடைமுறைக்கு வந்தன. பேருந்து, புகைவண்டி, அலுவலகம், உணவுவிடுதி, திரையரங்கு யாவும் இவற்றுள் அடங்கும். மீறுவோர்க்கு அபராதம் 200 ரூபாய் வரை. இடத்தின் பொறுப்பாளர் எச்சரிக்கைப் பலகை வைக்கவேண்டும். சாம்பற்கிண்ணமோ தீப்பெட்டியோ அங்கே வைத்தல் கூடாது. சிகரெட்டுக்குள்ள தடை பீடிக்கும் உண்டு. ஆதலால் வாளையாற்றிலோ குமுளியிலோ தேநீர்க்கடை நடத்தும் நம்மவர், "வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது?" என்று தயங்க வேண்டுவதில்லை. பலகையைச் சுட்டிக்காட்டினாலே போதும்.

ஆனால் சட்டம் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளிலே தோட்டத் தொழிலாளர் லயங்களை எண்ணிப் பாருங்கள். இடம் குறுகியது, குளிருக்காகக் கதவும் சன்னலும் மூடப்பட்டிருக்கும். அவ்வறையிலே தந்தை பற்றவைக்கும் பீடியின் புகைக்கு வெளியேற வழியில்லை. பிறர் விடும் புகையால் குழந்தைகளுக்கு இழுப்பும் காதுநோயும் நுரையீரல் தொற்றும் மிகுதியாகின்றன என மருத்துவம் கண்டுள்ளது. பெரியவர்களுக்கோ இதயநோயும் நுரையீரற் புற்றுநோயும் வருகின்றன. உலகில் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்புகையினால் மடிகின்றனர்.

பேருந்திலே முன்பின் அறியாத பயணிக்காகப் பீடியை அணைக்கும் நாம், வீட்டிலே பெற்ற பிள்ளைக்காக அணைக்கலாகாதா? முற்றும் விட்டொழிப்பதே மேல். அதற்குக் காலம் வேண்டுமெனில், அதுவரை முற்றத்துக்கேனும் செல்லுதல் வேண்டும். கூரையின்கீழ்ப் புகையில்லை என்னும் விதியை நம் வீடுகளில் நாமே இயற்றிக்கொள்வோமாக. காவலரும் அபராதமும் இல்லாத அவ்விதியைக் காப்பது குடும்பத் தலைவரின் கடமையாகும்.