தாடை மூட்டு வலியும் கைமுறைச் சிகிச்சையும்

காதுக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால், அவ்விடத்தில் ஓர் எலும்பு அசைவதை உணரலாம். அதுவே தாடை மூட்டு. கதவின் கீலைப் போலத் திரும்புவதோடு, வாய் அகலத் திறக்கும்போது முன்னோக்கி வழுக்கிச் செல்வதும் அதன் இயல்பு. எலும்புகளுக்கு இடையே சிறு வட்டு ஒன்று மெத்தைபோல் அமைந்திருக்கிறது. இரு புறத்து மூட்டுகளும் ஒருங்கே இயங்க வேண்டும். ஒன்று பிணங்கினால் மற்றதும் வருந்தும்.

உறக்கத்தில் பல்லைக் கடித்தல், கடைவாய்ப் பற்களை இழந்து ஒரே பக்கத்தால் மெல்லுதல், அடிபடுதல், வாதம் ஆகியன இவ்வலிக்குரிய காரணங்களுட் சில. ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களிலே கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவுகளில் கொழுந்து பறிக்கும் பெண்களின் கழுத்துத் தசைகள் நெடுநேரம் இறுகி நிற்கின்றன. கழுத்து வலியும் தாடை வலியும் பலரிடத்தே சேர்ந்தே காணப்படுவதால், தாடையை ஆராயும் வைத்தியர் கழுத்தையும் கவனித்தல் முறையாகும்.

கையாலே மூட்டைச் சீர்செய்யும் கலை மிகப் பழையது. விலகிய தாடைக்கு ஒற்றடமிட்டு, எலும்பை உரிய இடத்திற் சேர்த்துக் கட்டும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகிறது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீசின் நூல்களிலும் இத்தகைய முறை உண்டு. இலங்கையிலோ முறிவு நெரிவு வைத்தியம் இன்றும் வழங்கிவருகிறது. அமெரிக்காவிலே 1895ஆம் ஆண்டு டி. டி. பாமர் தொடங்கிய கைரோபிராக்டிக் என்னும் முறை, முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சீராக்க முயல்வது. தசை இறுக்கத்தால் வரும் தாடை வலிக்கு மென்மையான கைமுறைச் சிகிச்சை சிலருக்கு ஆறுதல் அளிக்கலாம். ஆனால் அதற்குரிய சான்றுகள் இன்னும் வலுவானவை அல்ல. கழுத்தைச் சடுதியாகத் திருப்பினால், அரிதாகவேனும், மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்வதும் உண்டு.

மலையகத்தில் மற்றுமோர் எச்சரிக்கை இன்றியமையாதது. குளிருக்கும் களைப்புக்கும் துணையென வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் மெல்லும் வழக்கம் அங்கே பரவலாக உண்டு. பாக்கினால் கன்னத்தின் உட்புறம் வெளிறி நார்போல் இறுகுவதுண்டு. காரம் பட்டால் வாய் எரியும். நாளடைவில் வாய் திறப்பதும் குறையும். இதனை மூட்டுப் பிடிப்பென்று எண்ணித் தைலம் தடவுவதும், தாடையைப் பலவந்தமாக இழுப்பதும் பயன் தரா. இந்நோய் சிலருக்குப் புற்றுநோயாக மாறக்கூடும். பாக்குப் புற்றுநோயை விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அறிவித்திருக்கிறது. வீண்போகும் மாதங்களே இங்கு பெரிய இழப்பு.

ஆதலின், தன் விரல்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கிடையே நுழைக்க இயலாதவரும், மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண் உடையவரும் முதலில் பல் வைத்தியரையே நாட வேண்டும். மேற்சிகிச்சை தேவைப்படுவோருக்குப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை உண்டு. கொட்டாவி விடும்போது தாடை விலகி வாய் மூடாது நின்றுவிட்டால், உடனே வைத்தியசாலைக்குச் செல்வதே தக்கது.

வெறும் தசைவலியாயின் அஞ்ச வேண்டுவதில்லை. சில வாரங்கள் மென்மையான உணவு, இளஞ்சூட்டு ஒற்றடம், வாயை அளவோடு திறத்தல், இரு பக்கத்தாலும் மெல்லுதல் ஆகியவற்றால் பெரும்பாலோர் குணமடைவர். கைமுறைச் சிகிச்சை வேண்டுமா என்பது, நோய் இன்னதென்று தெளிந்த பின்னர் எழ வேண்டிய வினாவாகும்.